வாரம் ஒரு காலை, வயலில்



தஞ்சைப் பகுதிப் பெரியவர்களிடம் ‘ரேடியோ நெல்’ என்று சொன்னால் இன்றும் சிலருக்கு முகம் மலரும். 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்ற குறுவை நெல் பரவியபோது, அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எப்போது நாற்று விடுவது, எவ்வளவு உரம் போடுவது என்று வானொலி சொன்னது, விவசாயிகள் கேட்டுச் செய்தார்கள், விளைந்தது. கடைசியில் நெல்லுக்கே வானொலியின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு ரகத்தையும் ஓர் உர அளவையும் காதால் கேட்டே கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால், ‘இன்றைக்கு என் வயலுக்கு மருந்து அடிக்கலாமா, வேண்டாமா?’ என்று ஒருவர் கேட்டால் வானொலியால் பதில் சொல்ல முடியாது. வேளாண் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியராலும் முடியாது. பதில் அந்த வயலில், அந்த வாரத்தில், நெல்லின் தூரடியில் இருக்கிறது. குனிந்து பார்க்க வேண்டும். பார்த்தது என்னவென்று தெரியவும் வேண்டும். அந்தக் கண் யாருக்கும் தனியாக வந்துவிடாது. பலர் சேர்ந்து பார்த்து, பேசி, முடிவெடுத்து, அந்த முடிவு என்ன ஆயிற்று என்று மறுபடி வந்து பார்த்துத்தான் வரும். இதை ஒரு நாடே முயன்று பார்த்திருக்கிறது. இந்தோனேசியாவின் ஜாவா தீவில் நடந்த அந்த முயற்சியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

புகையான் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பூச்சியால் வந்தது எல்லாம். அரிசி அளவுகூட இல்லாத பழுப்புநிறத் தத்துப்பூச்சி அது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சைப்பசேல் என்றுதான் தெரியும். திடீரென்று ஒரு நாள் வயலுக்கு நடுவே வட்டவட்டமாக, தீ வைத்த மாதிரி பயிர் காய்ந்து நிற்கும்.

பசுமைப் புரட்சிக் காலத்தில் இந்தோனேசிய அரசு புதிய நெல் ரகங்களோடு பூச்சிமருந்தையும் சேர்த்தே விவசாயிகளிடம் கொடுத்தது. மருந்தின் விலையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது. பூச்சி இருக்கிறதோ இல்லையோ, நாள் கணக்குப் பார்த்து அடிப்பது வழக்கமாயிற்று. 1984இல் நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஜாவாவின் வயல்களைப் புகையான் சூறையாடியது. அடித்த மருந்து போதவில்லை என்று இன்னும் அடித்தார்கள். அடிக்க அடிக்க அது பெருகியது.

காரணம் சிக்கலானது அல்ல. புகையான் தன் முட்டைகளை நெல்லின் இலையுறைத் திசுவுக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அந்த முட்டைகளை எட்டாது. வயலில் திரியும் சிலந்திகளையும், புகையான் முட்டையைத் தின்று வாழும் சிறு நாவாய்ப்பூச்சிகளையும் அது உடனே கொல்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பொரிக்கும்போது குஞ்சுகளைத் தடுக்க வயலில் ஆளே இல்லை. பீட்டர் கென்மோர் என்ற பூச்சியியலாளர் 1970களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸ் நெல் வயல்களில் இதைச் சோதித்துக் காட்டியிருந்தார். இந்தோனேசியாவிலேயே இடா ந்யோமான் ஓகா போன்ற அறிஞர்கள் அரசிடம் இதை விடாமல் எடுத்துச் சொன்னார்கள். 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோவின் ஆணை வந்தது. நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகள் தடை செய்யப்பட்டன. மருந்து மானியமும் படிப்படியாகக் குறைந்து 1989இல் நின்றது.

தடைக்கு ஒரு கையெழுத்து போதும். தோளில் தெளிப்பானை மாட்டிப் பழகிய லட்சக்கணக்கான கைகளை என்ன செய்வது? ‘அடி’ என்று சொன்ன அதே அதிகாரிகள் இப்போது ‘அடிக்காதே’ என்று சொல்லலாம். விவசாயி அதையும் கேட்டுக்கொள்வார், அடுத்த முறை புகையான் வந்ததும் பயந்துபோய் மருந்துக்கடைக்கு ஓடுவார். ஆகவே ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பின் துணையோடு இந்தோனேசியர்கள் வேறு வழியில் போனார்கள். 1989இல் ஜாவாவில் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின.

அந்தப் பள்ளியை உங்கள் கண்முன் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கிறேன்.

வாரத்தில் ஒரு நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன் இருபது இருபத்தைந்து பேர் வயலில் கூடுவார்கள். நடவிலிருந்து அறுவடை நெருங்கும்வரை இது நடக்கும். ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலுக்குள் இறங்குவார்கள். வயலில் அங்கங்கே சில குத்துகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்ப்பார்கள். எத்தனை தூர் கட்டியிருக்கிறது, இலை என்ன நிறம், தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, என்னென்ன பூச்சி, ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். பெயர் தெரியாததை ஒரு பிளாஸ்டிக் பையில் பிடித்துக்கொள்வார்கள்.

பிறகு மர நிழலுக்கு வந்து, பெரிய தாளில் வண்ணக்குச்சியால் அந்த வயலைப் படமாக வரைவார்கள். நடுவில் நெற்பயிர். மேலே அன்றைய வானிலைப்படி சூரியனோ மேகமோ. ஒரு பக்கம் பயிரைத் தின்னும் பூச்சிகள், எதிர்ப்பக்கம் அந்தப் பூச்சிகளைத் தின்னும் பூச்சிகள், பக்கத்தில் எண்ணிக்கை. கீழே ஒரே ஒரு முடிவு: இந்த வாரம் என்ன செய்யப்போகிறோம்?

வரைவது விளையாட்டு மாதிரித் தெரியலாம். எனக்கு அந்த முறையின் உயிரே அதில்தான் இருப்பதாகப் படுகிறது. ஒரு சிலந்தியை வரைய வேண்டுமென்றால் அதற்கு எத்தனை கால், அது தூரில் எந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தது, முட்டைப் பை எங்கே இருந்தது என்று மறுபடி பார்த்தே ஆக வேண்டும். நாற்பது ஆண்டு நெல் விளைவித்தவருக்கும் அதுவரை கண்ணில் படாதது அப்போது படும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தாளில் சமமாகக் கை வைக்கலாம். ஐந்து பேர் ஒரே தாளைச் சுற்றி உட்காரும்போது, ‘அது அங்கே இல்லை, இங்கே’ என்று வாதம் வரும். அந்த வாதம்தான் பாடம்.

பயிற்றுநருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாராவது ஒரு பூச்சியைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால் உடனே பெயர் சொல்லக்கூடாது. ‘எங்கே பார்த்தீர்கள்? அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? இதே மாதிரி இன்னும் இருந்ததா?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். ‘தூரடியில் இருந்தது, வாயில் எதையோ கவ்விக்கொண்டிருந்தது’ என்பார் அவர். ‘என்னத்தைக் கவ்வியிருந்தது?’ தெரியவில்லை என்றால், கொசுவலைத் துணி சுற்றிய ஒரு நெற்செடிக்குள் அந்தப் பூச்சியையும் கொஞ்சம் புகையானையும் சேர்த்து விட்டுவிடுவார்கள். மறுநாள் எண்ணிப் பார்த்தால் புகையான் குறைந்திருக்கும். ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளைக்கு 5 முதல் 15 புகையான் வரை தின்னும் என்று நெல் பற்றிய கையேடுகளில் அச்சிட்டிருக்கிறது. அதை வாசித்தவருக்கும், தன் கையால் விட்டு, தானே எண்ணிப் பார்த்தவருக்கும் தெளிப்பானைத் தூக்கும்போது ஒரே எண்ணம் வராது.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இலையில் ஓட்டை விழுந்தால் விளைச்சல் போய்விடும் என்பது எந்த விவசாயிக்கும் உள்ள பயம். இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்ததும் மருந்து தேடுவது அதனால்தான். வயல்வெளிப் பள்ளியில் அவர்களே கத்தரியை எடுத்து இளம்பயிரின் இலைகளை வெட்டினார்கள். சில குத்துகளில் கால்வாசி, சிலவற்றில் பாதி. குச்சி நட்டு அடையாளம் வைத்து அறுவடைவரை காத்திருந்தார்கள். தூர் கட்டும் பருவத்தில் வெட்டிய பயிர் புது இலை விட்டுத் தேறிக்கொண்டது, நெல்மணி பெரும்பாலும் குறையவில்லை. பயிர் எவ்வளவு தாங்கும் என்பதை விவசாயியிடம் நெற்பயிரே சொல்லிவிட்டது. அதன்பின் பயிற்றுநர் சொல்ல என்ன இருக்கிறது?

இந்தப் பயிற்றுநர்களும் வகுப்பறையில் தயாரானவர்கள் அல்லர். கற்பிக்கப் போகுமுன் அவர்கள் ஒரு பருவம் முழுக்கத் தாங்களே நாற்று நட்டு நெல் விளைவிக்க வேண்டும் என்று விதி. சேற்றில் இறங்காத அலுவலரை விவசாயி மதிப்பதில்லை என்பதை அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். படிப்பவர் தலையில் பாடத்தைக் கொட்டுவது கல்வி ஆகாது என்ற கல்வியாளர் பாவ்லோ ஃப்ரேய்ரேவின் சிந்தனைக்கும் இந்த முறைக்கும் நெருங்கிய உறவு உண்டு.

இவ்வளவிலும் ஒன்றை நான் தனியாகச் சொல்ல வேண்டும். பார்த்தல், வரைதல், பேசுதல் எல்லாம் இருந்தும், முடிவெடுக்கும் பொறுப்பை அவர்களிடம் விடாமல் இருந்திருந்தால் அது வெறும் சுற்றுலாவாக முடிந்திருக்கும். வாரா வாரம் குழு ஒரு முடிவை எல்லோர் முன்னும் சொன்னது. அடுத்த வாரம் அதே வயலுக்கு வந்து அதன் பலனைப் பார்த்தது. பக்கத்திலேயே வழக்கப்படி மருந்து அடிக்கும் ஒரு வயலும் ஒப்பிட இருந்தது. ‘அடிக்க வேண்டாம் என்று போன வாரம் சொன்னோம், இப்போது புகையான் கூடியிருக்கிறது, சிலந்தியும் கூடியிருக்கிறது, இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா?’ தன் சோற்றுக்கான நெல்லை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பது லேசல்ல. பக்கத்தில் நான்கு பேர் இருந்தால்தான் அந்தப் பொறுமை வரும்.

1999 வரையிலான பத்தாண்டுகளில் ஏறக்குறைய பத்து லட்சம் விவசாயிகள் இந்தோனேசியாவில் இப்படிப் படித்தார்கள். பலர் தாங்களே பயிற்றுநர்களாகி அடுத்த ஊருக்குப் போனார்கள். பிறகு இந்த முறை தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது.

குறை சொன்னவர்களும் உண்டு. அவர்கள் சொன்னது முக்கியமானது. கெர்ஷோன் ஃபெடர் உள்ளிட்ட உலக வங்கிப் பொருளாதார அறிஞர்கள் 2004இல் இந்தோனேசியா பற்றி வெளியிட்ட ஆய்வுகளில், விளைச்சலிலோ மருந்துப் பயன்பாட்டிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை என்றார்கள். படித்தவர்களிடமிருந்து அக்கம்பக்கத்தாருக்கு அந்த அறிவு பரவவில்லை என்றும் சொன்னார்கள். வேறு ஆய்வுகள் மருந்துப் பயன்பாடு கணிசமாகக் குறைந்ததைக் காட்டின. முதல் கணக்கு ஏன் அப்படி வந்தது என்பது பற்றி விவாதம் நடந்தது. அது நிபுணர்களின் வேலை. அண்டை வீட்டாருக்குப் பரவவில்லை என்ற கண்டுபிடிப்பு மட்டும் எனக்கு வியப்பாக இல்லை. வரப்பில் போகும்போது ‘சிலந்தி நல்லது, அடிக்காதீர்கள்’ என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் காதில் அது இன்னொரு உத்தரவாகத்தான் விழும். அவர் வலைத்துணிக்குள் பூச்சியை விட்டுப் பார்க்கவில்லை, இலையை வெட்டிவிட்டு அறுவடைவரை காத்திருக்கவும் இல்லை. இந்தக் கல்வி மெதுவாகத்தான் நகரும், செலவும் பிடிக்கும். அதைக் குறையாக எண்ணித் திட்டத்தைக் கைவிடுகிறவர்கள் அப்புறம் பெரிய விலை கொடுக்கிறார்கள்.

ஜாவா அந்த விலையைக் கொடுத்தது. 1999இல் நாடு தழுவிய திட்டம் முடிவுக்கு வந்தது. மருந்து விற்பனை மறுபடி ஊர்களுக்குள் வந்தது, புதிய தலைமுறை வயலுக்கு வந்தது, அவர்களுக்குப் பள்ளி இல்லை. 2010, 2011 ஆண்டுகளில் அதே ஜாவாவின் வயல்கள் மறுபடி புகையானால் வட்டவட்டமாகக் காய்ந்தன.

ஆனால் முழுதும் அழிந்துபோகவில்லை. மேற்கு ஜாவாவில் இந்திரமாயூ என்ற நெல் மாவட்டம் இருக்கிறது. அங்குள்ள விவசாயிகள் யுனிதா வினார்தோ என்ற மானிடவியல் பேராசிரியரும் கேஸ் ஸ்டிக்டர் என்ற வேளாண் வானிலை அறிஞரும் துணையிருக்க, மழை அளப்போர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். ஒவ்வொருவரும் தம் வயலில் மழைமானி வைத்து நாள்தோறும் காலையில் அளக்கிறார்கள். பயிர் எப்படி இருக்கிறது, பூச்சி என்ன என்பதையும் குறிக்கிறார்கள். மாதம் ஒரு முறை கூடி, குறிப்புகளை வைத்துப் பேசுகிறார்கள். பருவமழை தடுமாறும் இந்தக் காலத்தில் எப்போது நாற்று விடுவது என்ற கேள்விக்கு, அவரவர் வயலின் மழைக்கணக்கே கையில் இருக்கிறது. ஒரு வயலில் பெய்த மழை அடுத்த ஊர் வயலில் பெய்யவில்லை என்பதை அந்தக் கூட்டத்தில்தான் அவர்கள் கண்டார்கள்.

நேயர்களே, நம் மாநிலத்திலும் வேளாண்மைத் துறை வயல்வெளிப் பள்ளிகளையும் பண்ணைப் பள்ளிகளையும் நடத்துகிறது. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். கேட்கும்போது இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள். பள்ளி நடவிலிருந்து அறுவடைவரை நடக்குமா, வாரா வாரம் வயலுக்குள் இறங்குவோமா? மருந்து அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அலுவலரா, நாங்களா? ஊரில் பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டால், உங்கள் பகுதியிலேயே ஒரு வயலை அதற்கு ஒதுக்கித் தரும்படியும் பேசிப் பார்க்கலாம். வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள். நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் அவர்கள். தூரடியை மிக அருகில் பார்ப்பவர்களும் அவர்களே.