நோயாளியைப் பார்ப்பவளை யார் பார்ப்பது?



மாமியார் பக்கவாதத்தில் படுத்தால் பாரம் மருமகள் தலையில் விழுகின்றது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகும். மூன்றாம் மாதம் அவளுக்குத் தூக்கமில்லை, பசியில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். “கிழவி போய்ச் சேர்ந்தால் தேவலை” என்று நினைத்துவிட்டுப் பாவம் செய்ததாக அழுகின்றாள். நாமோ கர்மம் என்கின்றோம். கர்மமாவது, மண்ணாங்கட்டியாவது! ஓய்வு காணாத தேகத்தின் களைப்பு அது. அதை அளக்கவே 1980-ல் ஜாரிட் என்பாரும் அவரது சகாக்களும் கேள்விப் பட்டியல் செய்தார்கள். இப்போது 22 கேள்விகளோடு வழங்கும் அதில், தனக்கென்று பொழுது உண்டா என்பதும் ஒன்று.

ஆண்பிள்ளைகளைக் கேட்கின்றேன்: அவள் உங்கள் தாயார்தானே? ஒரு இரவாவது விழித்ததுண்டா? வாரத்தில் பாதி இரவுகளை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவம் வீட்டுக்கே வருகின்றது. புரட்டும் விதத்தை மகன் கேட்டுக் கற்கட்டும். மீசை ஒன்றும் உதிர்ந்துவிடாது.