பெயர் அறியாக் கனி
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அறியாத கனியை உண்ணாமை என்னும் நம் நோன்பைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். அதன் பொருளை எனக்கு உணர்த்தியது நூலன்று; ஏற்காட்டு மலைப்பாதை.

ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன், மாணவர்களைச் சேலம் வழியாகச் சேர்வராயன் மலைக்கு அழைத்துச் சென்றேன். 20 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்குமுன் அடிவாரத்தில் பேருந்து நின்றது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 மலர்களின் பெயர்களை நான் மாணவியர் சிலருக்கு ஒப்பித்துக் கொண்டிருந்தேன். அவ்வேளையில் மாணவர் நால்வர் வேலியோரக் காய்களை உடைத்து விதைகளைத் தின்றிருக்கின்றனர். நிலக்கடலை போல் சுவைத்ததாம். மலையேறி முடிப்பதற்குள் நால்வரும் வாந்தியெடுத்துத் துவண்டனர்.

ஒருவன் சட்டைப்பையில் எஞ்சியிருந்த காயைக் கண்டு, "இது காட்டாமணக்கு ஆயிற்றே!" என்றார், அங்கு நின்ற மலையாளிப் பழங்குடிப் பெரியவர். மருத்துவமனையில் நால்வரும் தேறினர். ஆயினும், 99 மலர்களின் பெயர் அறிந்த எனக்கு வேலியில் நின்ற செடியின் பெயர் தெரியவில்லையே என்னும் நாணம் இன்றும் நீங்கவில்லை.

அவர்களுடன் நின்ற ஐந்தாமவன் மட்டும் உண்ணவில்லை. காரணம் கேட்டேன். "பேர் தெரியாததைத் தின்னக்கூடாதுன்னு ஆயா சொல்லியிருக்காங்க, ஐயா" என்றான். வந்தவாசிப் பக்கத்து நம் குடும்பப் பிள்ளை அவன்.

ஆல், அரசு, அத்தி முதலிய ஐந்து மரக் கனிகளை நாம் விலக்குவது, அவற்றினுள் வாழும் சிற்றுயிர்களைக் காத்தற்பொருட்டு என்பதை அறிவீர்கள். 13ஆம் நூற்றாண்டில் ஆசாதரர் இயற்றிய சாகார தர்மாமிருதம், அந்நோன்பு உடையவர் அறியாத கனி எதனையும் உண்ணலாகாது என்று மேலும் விதிக்கின்றது. பிற உயிரைக் காக்கும் அறம் தன்னுயிரையும் காக்கின்றது.

கண்ணும் நாவும் நம்மை ஏமாற்றக்கூடியவை. பழுத்த எட்டிக்கனி, ஏற்காட்டுத் தோட்டத்து ஆரஞ்சைப் போலவே தோன்றும். அதன் விதையிலோ கொடிய நஞ்சு. குன்றிமணியின் அழகு குழந்தையை ஈர்க்கும். மென்றால் உயிருக்கே கேடு. மஞ்சள் அரளிக்காய் இதயத் துடிப்பைக் குலைக்கும். 'பறவை தின்கிறதே, நாமும் தின்னலாம்' என்பாரும் உளர். இருவாசிப் பறவை எட்டிக்கனியை உண்டு நலமாக வாழ்கின்றது, நம்மால் இயலுமா?

எனினும், அஞ்சி விலகுவது மட்டும் போதாது. நற்காட்சியும் நன்ஞானமும் சேர்ந்தே நல்லொழுக்கம் ஆகும். காட்டை அறிந்த மலைவாழ் மக்கள் நாவலையும் களாவையும் உரிய பருவத்தில் பறித்து உண்கின்றனர்; அவர்களிடம் கேட்டறிவது இழிவன்று. பிள்ளைகளுக்கு வேலியோரச் செடிகளின் பெயர்களையும் கற்பியுங்கள். எவரேனும் நச்சுக்கனியை உண்டுவிட்டால், வற்புறுத்தி வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். 108ஐ அழையுங்கள், எஞ்சிய கனியையும் இலையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆசிரியனாகிய நான் காக்கத் தவறியதை, எழுத்தறியாத ஓர் ஆயாவின் ஒரு சொல் காத்தது. அச்சொல்லை நம் பேரப்பிள்ளைகளுக்கும் விட்டுச் செல்வோம்.

வாழ்க அருகன் நெறி!