மாடித் தொட்டியில் வேரழுகல்



திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றி வீடு கட்டியவர்களில் பலருக்கு மொட்டை மாடிதான் தோட்டம். மண் சுமந்து ஏற்றுவானேன் என்று தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறைக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. குழாய் என்ன விலை, உரம் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் விசாரிப்பார்கள். தொட்டித் தண்ணீர் எவ்வளவு சுடுகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வேரழுகல் அந்தச் சூட்டில்தான் ஆரம்பிக்கிறது.

உச்சி வெயிலில் செடி துவளும், பொழுது சாய்ந்தால் நிமிரும். தண்ணீர் போதவில்லையோ என்று தோன்றும்; வேரோ தண்ணீரிலேயே நிற்கிறது. செடியைக் கூடையோடு தூக்கிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகிக் கொழகொழத்துப் போயிருக்கும். இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வரும். நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். சில இரும்புச்சத்து உரங்கள் வேரில் செம்பழுப்புச் சாயம் ஏற்றும். அந்த வேர் உருவாது, நாறாது.

வேரை அழுகவைப்பது பெரும்பாலும் பித்தியம் என்ற கிருமி. நம் ஊருக்குப் புதிதல்ல. மிளகாய், தக்காளி நாற்றங்காலில் நாற்றழுகல், இஞ்சியில் கிழங்கழுகல், பப்பாளியில் தண்டழுகல் எல்லாம் இதன் வேலைதான். பார்த்தால் பூஞ்சாணம் போல இருக்கும். ஆனால் இது வேறு குடும்பம், பழுப்புக் கடற்பாசிகளுக்குத்தான் உறவு. அதனால் கடையில் சட்டென்று எடுத்துக் கொடுக்கும் கார்பன்டாசிம் இதை ஒன்றும் செய்யாது. பித்தியத்தைக் கொல்லும் மருந்துகளும் உண்டு. ஆனால் ஒரு மாதத்தில் பறித்துச் சாப்பிடப் போகிற கீரையின் குடிதண்ணீரிலேயே மருந்தைக் கலப்பது எனக்குச் சம்மதமில்லை.

இதன் வித்துகளுக்கு இரண்டு வால் உண்டு, நீந்தியே வேரைத் தேடிப் போகும். மண்ணில் இதை அடக்கி வைக்க ஆயிரம் நுண்ணுயிர்கள் காவல் இருக்கின்றன. சுத்தமான உரத்தண்ணீரில் அந்தக் காவல் கிடையாது. போதாததற்கு ஒரே தண்ணீர் எல்லாச் செடிகளையும் சுற்றி வருகிறது.

இனி சூட்டுக்கு வருவோம். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏறத்தாழ ஏழரைதான். சூடு ஏற ஏற வேர் கேட்கும் காற்றோ கூடுகிறது. மூச்சு முட்டிய வேரில் பித்தியம் சுலபமாகப் புகும்; அதற்குப் பிடித்ததும் 30 டிகிரிக்கு மேற்பட்ட சூடுதான். திருவண்ணாமலை அக்கினி நட்சத்திரத்தில் தளத்தின் மேல் கிடக்கும் குழாயில் நூல் போல ஓடும் தண்ணீர் எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டுமா? ஆகவே நம் ஊர் மாடிக்கு மெல்லிய குழாயைவிட ஆழமான தொட்டியே மேல். நிறையத் தண்ணீர் மெதுவாகத்தான் சுடும்; கரண்ட் போனாலும் வேர் காயாது. மீன் தொட்டிக்குப் போடும் காற்று மோட்டார் போதும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டால் மேல் வேர்கள் காற்றை நேராகவே எடுத்துக்கொள்ளும். தொட்டிக்கு வெள்ளை அடித்து, நிழல்வலை கட்டுங்கள்.

தண்ணீரைச் சுழலவிடுகிறவர்களுக்கு மணல் வடிகட்டியைச் சிபாரிசு செய்வேன். பழைய சமாச்சாரம்தான். 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலராவில் 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒட்டியே இருந்த அல்டோனா அதே ஆற்றுத் தண்ணீரை, அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, மணலில் வடிகட்டிக் குடித்துப் பெரும்பாலும் தப்பியது. சென்னைக் கீழ்ப்பாக்கத்திலும் 1914இல் இப்படி மெதுவாக வடியும் மணல் தொட்டிகள் வந்தன. பித்தியத்துக்கும் அதே வைத்தியம் பலிக்கிறது. 200 லிட்டர் டிரம்மில் அடியில் அரை அடி ஜல்லி, மேலே இரண்டடி கழுவிய நைஸ் மணல், அதற்கு மேல் எப்போதும் தண்ணீர். மணிக்கு 25 லிட்டர் வடிந்தால் போதும். ஒரு நாளைக்கு 600 லிட்டர் ஆகிறதே! அவசரப்பட்டு வேகமாக விடக் கூடாது. மணலின் மேல்பரப்பில் சில வாரங்களில் வழவழப்பாக ஓர் ஏடு படியும். அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் பித்தியத்தின் வித்துகளைத் தின்று தீர்க்கின்றன. அடைத்துக்கொண்டால் மேலே ஒரு விரற்கடை மட்டும் சுரண்டி எடுங்கள். மணலைக் காயவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

அறுவடை முடிந்ததும் வேர்த்துணுக்கு ஒன்றுகூடத் தங்கக் கூடாது. அதில் கிருமி மாதக்கணக்கில் உறங்கும். தொட்டி, குழாய்களைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி, அலசி, வெயிலில் காயப்போடுங்கள்.

சித்திரை வெயிலில் லெட்யூஸ் போடுவது வீண் வீம்பு. கசந்து பூத்துவிடும். அதை மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கு முளைக்கீரை, சிறுகீரை வெயில் தாங்கும். இன்னும் நல்லது வள்ளைக்கீரை. ஏரியிலும் குட்டையிலும் மிதந்து வளரும் கொடி அது. தண்டு உள்ளே குழல், காற்று அதன் வழியே இறங்கும். ஹோட்டல்காரர் லெட்யூஸ்தான் கேட்பார் என்றால் விலையோடு தண்ணீரைக் குளிரவைக்கும் கரண்ட் பில்லையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நல்ல நுண்ணுயிர்களையும் முன்கூட்டியே குடியேற்றலாம். சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, பேசில்லஸ் மூன்றும் உதவும். அழுகிய வேரை எழுப்பாது, ஆரோக்கியமான வேரைக் காக்கும். வேளாண் பல்கலைக்கழகம் விதை நேர்த்திக்குச் சொல்வது கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ். தொட்டிக்கு எவ்வளவு என்று வாழவச்சனூர் வேளாண் கல்லூரியிலோ கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். கிருமிநாசினி ஊற்றிய கையோடு இதை விட்டால் காசு தண்டம். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். டால்க் பவுடரில் கலந்தது சன்னக் குழாயை அடைக்கும், திரவமாகக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் பவுடரை ராத்திரி கரைத்து வைத்து, காலையில் தெளிவை வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள்.