கரிசல் நிலத்து வேட்டை நாய்களைக் காப்போம்
(உழவர் பயிற்சிக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



மாடு, ஆடு, கோழி பற்றிப் பேசவே நேரம் போதாத மேடையில் நாயைப் பற்றிப் பேச வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கோவில்பட்டி, சாத்தூர், சங்கரன்கோவில் பக்கத்து உழவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அங்குள்ள கரிசல் காட்டில் சிப்பிப்பாறையும் கன்னியும் வீட்டுக்குள் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்தவை. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்னும் ஊரின் பெயரையே ஓர் இனம் தாங்கி நிற்கிறது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் வளங்கள் பணியகம் 2020-ஆம் ஆண்டில் முதன்முறையாக நாய் இனங்களையும் பதிவு செய்தபோது, இராசபாளையம், முதோல் ஆகியவற்றோடு சிப்பிப்பாறையும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றது. பதிவு கிடைத்துவிட்டது. ஆனால் நல்ல இரத்தம் குறைந்துகொண்டே வருகிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். இராசபாளையமும் சிப்பிப்பாறையும் ஒன்றல்ல. இராசபாளையம் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கனத்த உடலும் கொண்ட காவல் நாய். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள். மோப்பம் பிடித்து மெல்லச் செல்லும் வகையல்ல. நீண்டு குறுகிய தலை, ஆழ்ந்த மார்புக்கூடு, உள்வாங்கிய வயிறு, வில்போல் வளையும் முதுகு, சாட்டை போன்ற வால். இவை வேகத்துக்காக அமைந்த உறுப்புகள். முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும். சிப்பிப்பாறையில் செவலை, சாம்பல் முதலிய நிறங்கள் உண்டு. கருப்பு உடலும், புருவத்திலும் கால்களிலும் செம்பழுப்புக் குறிகளும் உள்ளதைக் கன்னி என்பார்கள். இங்கிலாந்தின் கிரேஹவுண்டும் விப்பெட்டும், கர்நாடகத்தின் முதோலும் இதே அமைப்பு உடையவை.

வேட்டை பற்றி

இந்த நாய்கள் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நிலைமை வேறு. முயலாயினும், மானாயினும், உடும்பாயினும், காட்டுப்பன்றியாயினும் நாயை ஏவிப் பிடிப்பது குற்றம். பிடிக்க முயல்வதும், பிடிப்பதற்காக விரட்டுவதும்கூட அச்சட்டத்தின்படி வேட்டையே. "என் புஞ்சையில்தானே பிடித்தேன்" என்பது வாதமாகாது. சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. திருவிழாவையொட்டிக் கூட்டமாக வேட்டைக்குப் போகும் பழக்கமுள்ள ஊர்களில் இளைஞர்களிடம் இதைப் பெரியவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இது நமக்கு மட்டும் வந்த நிலைமையன்று. இங்கிலாந்தில் 1836 முதல் நடந்துவந்த வாட்டர்லூ கோப்பை என்னும் முயல் துரத்தும் போட்டி 2005-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. 2004-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே அதற்குக் காரணம். அங்கே நில உரிமையாளர் இசைவோடு குழிமுயலை நாய் விட்டுப் பிடிக்கலாம். நம் நாட்டில் அந்த விலக்கும் இல்லை.

வேட்டை இல்லையென்றால் இந்த இனத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி இயல்பாக எழும். என் கருத்தில் இதுவே முக்கியமான கேள்வி. வேலையில்லாத இனம் வெறும் அழகுப் பொருளாகிவிடும். அழகுக்காக மட்டும் தெரிவு செய்தால், சில தலைமுறைகளில் உடல் இருக்கும், ஓட்டம் இருக்காது.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தோட்டக் காவல். கிணற்றடி, களம், ஆட்டுப்பட்டி ஆகியவற்றுக்கு இந்நாய்கள் ஏற்றவை. ஆனால் ஓடுவது எதுவாயினும் துரத்துவது இவற்றின் பிறவிக் குணம். ஆகவே ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியை ஆடுகள், கோழிகள் நடுவிலேயே வளர்க்க வேண்டும். இந்தப் பருவத்தைத் தவறவிட்டு, ஒரு வயது நாய் கோழியைக் கொன்ற பிறகு அடித்துத் திருத்தப் பார்ப்பது வீண் வேலை. இரவில் வேலிக்குள் இருக்கட்டும். காட்டோரத்துக் கிராமங்களில் நாயைத் திரிய விட்டால் மானுக்கும் மயிலுக்கும் ஆபத்து. அதோடு டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்குப் பரவும். 2018-ஆம் ஆண்டில் குசராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் பல மடிந்ததற்கு இந்நோயும் ஒரு காரணம்.

மற்றொன்று, உயிர் இல்லாத இரையைத் துரத்தச் செய்வது. வட இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளர்கள் விப்பெட் நாய்களை அப்படித்தான் ஓட்டினார்கள். ஓட்டத்தின் முடிவில் உரிமையாளர் கந்தைத் துணியை வீசிக் கூப்பிடுவார், நாய் அதை நோக்கிப் பாயும். பின்னர், தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, அதன் முனையில் கட்டிய துணியை இழுத்தார்கள். இதை நாமும் செய்யலாம். அறுவடை முடிந்த வயலில் 150 மீட்டர் நைலான் கயிறும் ஒரு பழைய சைக்கிளும் போதும். கல்லும் முள்ளும் இல்லாத இடமாகப் பாருங்கள். எந்த நாய் முனைப்பாகப் பாய்கிறது, எது பாதியில் நிற்கிறது, எது ஓடிய பிறகு நொண்டுகிறது என்பது இரண்டு மூன்று ஓட்டங்களிலேயே தெரிந்துவிடும். பணம் கட்டி நடத்தும் பந்தயத்தை நான் சொல்லவில்லை. பந்தயம் என்று வந்தால் நாயின் நலம் பின்னுக்குப் போய்விடும்.

ஓட்டத்தைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். முழு வேக ஓட்டத்தில் அது மளமளவென ஏறும். 106-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாய் தள்ளாடினால் நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி மூடிவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும்.

இணை சேர்ப்பதில் செய்ய வேண்டியவை

இங்கேதான் இனம் பிழைப்பதும் கெடுவதும் முடிவாகிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதல் கேடு கிரேஹவுண்ட் கலப்பு. ஓட்டத்தில் வேகம் வேண்டுமென்று வெளிநாட்டுக் கடுவனோடு சேர்க்கிறார்கள். முதல் ஈற்றுக் குட்டிகள் வேகமாக ஓடக்கூடும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். அந்தக் குட்டிகளைச் "சிப்பிப்பாறை" என்று விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் அதை நல்ல பெட்டையோடு சேர்க்கிறார். பேரக்குட்டிகளிலும் சராசரியாக நான்கில் ஒரு பங்கு அந்நிய இரத்தம் இருக்கும், ஆனால் எவருக்கும் தெரியாது. ஒழுங்கான ஓடுதளத்தில் சில நூறு மீட்டர் ஓடுவதற்காகத் தெரிவு செய்யப்பட்ட இனம் கிரேஹவுண்ட். கரிசலின் வெடிப்பிலும், கருவேல முள்ளிலும், சித்திரை வெயிலிலும் நிலைத்து நிற்கும் குணம் அதிலிருந்து வராது.

"இங்கிலாந்தில் லர்ச்சர் என்று கலப்பு நாயைத் தானே வளர்க்கிறார்கள்?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். கிரேஹவுண்டோடு ஆடு மேய்க்கும் காலி நாயைச் சேர்த்து, வேகமும் புத்தியும் கலந்த வேலை நாயை உண்டாக்குகிறார்கள். ஆனால் அங்கே கிரேஹவுண்டுக்கு 1882 முதல் வம்சாவளிப் பதிவேடு இருக்கிறது. தூய இனம் பெருந்தொகையாக இருப்பதால், கலப்பினால் மூல இனத்துக்குக் குறை ஒன்றுமில்லை. நம்மிடம் பதிவேடும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவது போன்ற வேலை இது.

இரண்டாவது கேடு இதற்கு நேர் எதிரானது. இரத்தம் தூய்மையாக இருக்க வேண்டுமென்று ஒரே வீட்டுக்குள் சேர்ப்பது. தந்தையையும் மகளையும் சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு உட்கலப்பு அளவு 25 சதவிகிதம். தாயோ தந்தையோ ஒன்றான உடன்பிறப்புகளைச் சேர்த்தால் 12.5, ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளைச் சேர்த்தால் 6.25. அளவு ஏற ஏறக் குட்டிகள் குறையும், சாவு கூடும், மறைந்திருந்த குறைகள் வெளிவரும். போட்டியில் வென்ற ஒரே கடுவனிடம் ஊர் ஊராகப் பெட்டைகளைக் கொண்டு போவதும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். அடுத்த தலைமுறையில் வட்டாரம் முழுவதும் ஒரு தந்தையின் பிள்ளைகளாகிவிடும். பிறகு எங்கே போய்ப் புது இரத்தம் தேடுவது? இருபது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரிலிருந்து, உறவில்லாத, ஓட்டம் பார்த்த, சாதாரணக் கடுவன் ஒன்றைக் கொண்டு வாருங்கள். புகழ் பெற்ற கடுவனைவிட அது உங்களுக்கு அதிகப் பயன் தரும்.

இதற்கெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். நாயின் பெயர், நிறம், தாய், தந்தை, பிறந்த நாள், சேர்த்த நாள், ஈன்ற குட்டிகள், இறந்தவை, குறைகள் ஆகியவற்றை எழுதுங்கள். பாட்டன் பாட்டி வரை தெரியாத நாயை இனப்பெருக்கத்துக்கு எடுக்காதீர்கள்.

பெட்டையை 18 மாதத்துக்கு முன் சேர்க்கக் கூடாது. எட்டு வயதுக்கு மேலும் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது. இவை என் யோசனைகள் அல்ல, 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள். குட்டிகளை விற்பனைக்காக உற்பத்தி செய்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

இவ்வகை நாய்களில் சில பெட்டைகள் ஆண்டுக்கு ஒரு முறைதான் பருவத்துக்கு வரும். அதை மலடென்று ஒதுக்க வேண்டாம். உதிரம் கண்ட நாளிலிருந்து பெரும்பாலும் 10 முதல் 14-ஆம் நாள் வரை சேர்க்கத் தகுந்த காலம். அதற்கு முன் இரு நாய்களின் பிறப்புறுப்புகளையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தெரு நாய்களோடு சேரும் கடுவன்களிடமிருந்து காலிஃபிளவர் போன்ற கட்டி தொற்றும். இரத்தம் சொட்டுவதைக் கண்டு அடிபட்டது என்று விட்டுவிடுகிறார்கள். தக்க ஊசி மருந்தால் பெரும்பாலும் குணமாகும்.

சினைக்காலம் சுமார் 63 நாட்கள். பட்டினி போட்டால் வேகம் வரும் என்ற பழைய நம்பிக்கையைச் சினை நாயிடம் காட்டாதீர்கள். பால் கொடுக்கும் மூன்றாவது, நான்காவது வாரங்களில் தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும். கம்மங்கூழும் மோரும் மட்டும் போதாது, முட்டை, இறைச்சி, மீன் ஏதேனும் சேர்க்க வேண்டும். பால் தரும் நாய்க்கு உடல் வெடவெடத்து விறைத்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு. அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். குட்டிகளுக்கு இரண்டாவது வாரத்திலேயே குடற்புழு நீக்கம் தொடங்கி, மூன்று மாதம் வரை பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை செய்ய வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. அதற்கு மேல் தேவையானவற்றைக் கால்நடை மருந்தகத்தில் சொல்வார்கள்.

ஒன்றைமட்டும் நீங்களே மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். இவ்வகை நாய்களுக்கு உடலில் கொழுப்பு மிகக் குறைவு. கிரேஹவுண்டுக்குச் சிலவகை மயக்க மருந்துகள் தெளிய வெகுநேரம் பிடிப்பது நன்கு அறியப்பட்டது. ஆகவே அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டு போகும்போது இது சிப்பிப்பாறை, இது கன்னி என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகப் பெட்டைக் குட்டிகள். ஒரு ஈற்றில் ஓரிரண்டு கடுவன்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும் வழக்கம் முன்பு இருந்தது. அது கொடுமை மட்டுமல்ல, இனத்தின் வேரை வெட்டுவதுமாகும். பெட்டைக் குட்டியை வைத்துக்கொள்ள வசதியில்லையென்றால் தெரிந்த உழவரிடம் விலையில்லாமல் கொடுங்கள். வளர்ந்து ஈனும்போது ஒரு குட்டி திரும்ப வர வேண்டும் என்று பேசிக்கொண்டு, நோட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். தாய் தந்தை விவரம் எழுதிய தாளையும் குட்டியோடு கொடுத்தனுப்புங்கள்.