ஆல்-இன்-ஒன் கணினி: கடைக்குத் தூக்குவதற்கு முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். மேசைமேல் ஒரு கணினியின் முதுகைக் கழற்றி வைத்திருப்பதைப் பார்த்ததும் இரண்டு பேர் பின்வரிசைக்குப் போய்விட்டீர்கள். மின் இணைப்பு கொடுக்கவில்லை. தைரியமாக முன்னால் வந்து உட்காருங்கள்.

மூன்றாவது மாடியில் இருக்கும் அம்மா ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். 2019 ஜூலையில் அத்தி வரதர் குளத்திலிருந்து எழுந்தருளியபோது 48 நாளும் நம் ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். யார் வீட்டில்தான் உறவினர் கூட்டம் இல்லை? அவர்கள் வீட்டிலும் பதினைந்து பேர் தங்கினார்கள். மகன், மருமகள், பேரக்குழந்தைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்த கடைசி முறை அது. இரண்டு வருடம் கழித்து அவர் கணவர் காலமானார். அந்தக் கோடையில் எடுத்த படங்கள் முழுவதும் கூடத்தில் இருந்த ஆல்-இன்-ஒன் கணினியில் மட்டுமே இருந்தன.

சென்ற வருடம் அந்தக் கணினி ஆமை வேகமாகிவிட்டது. ஒரு கடையில் கொடுத்தார்கள். மறுநாள் திரும்பி வந்தது. புத்தம் புதிதாக, வேகமாக, காலியாக. "விண்டோஸ் புதுசா போட்டுட்டோம்மா" என்றார்களாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கடையில் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வைத்து இரண்டு இரவு தேடினேன். கொஞ்சம் படங்கள் கிடைத்தன. ஆனால் கோப்புப் பெயரும் இல்லை, தேதி வரிசையும் இல்லை. பல படங்களில் மேல்பாதி முகம், கீழ்பாதி வெறும் சாம்பல் நிறம். பழைய கோப்பு இருந்த இடத்தில் புதிய விண்டோஸ் எழுதப்பட்டுவிட்டால் அவ்வளவுதான், எந்த வித்தைக்காரனாலும் மீட்க முடியாது. அத்தி வரதர் 2059-ல் மறுபடி வருவார். அந்தப் படங்கள் வராது.

அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு. கணினியில் எந்தப் பாகம் போனாலும் மாற்றலாம், வட்டில் இருப்பதை மாற்ற முடியாது. பழுது பார்ப்பதையும் அந்த வரிசையில்தான் யோசிக்க வேண்டும்.

முதலில், இது என்ன பொருள்? மானிட்டரின் முதுகுக்குள் ஒரு லேப்டாப்பை வைத்து மூடியதுதான் ஆல்-இன்-ஒன். பெரும்பாலும் லேப்டாப்பின் சின்ன ரேம், லேப்டாப்பின் இரண்டரை அங்குல வட்டு, லேப்டாப் போலவே வெளியே ஒரு அடாப்டர். ஒன்று மட்டும் இல்லை, பேட்டரி. நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். அடாப்டரைப் பார்த்துவிட்டு, மின்சாரம் போனால் லேப்டாப் மாதிரி கொஞ்ச நேரம் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். தாங்காது. நம் வளாகத்து ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடி இடைவெளியில் கணினி பட்டென்று செத்துப் பிழைக்கிறது. வட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் கோப்பு கெடும், சில நேரம் விண்டோஸே எழாது. ஒரு 600 விஏ யுபிஎஸ் போதும், சேமித்துவிட்டு முறையாக அணைக்க நேரம் கிடைக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்கள் அதன் பின்பக்கம் 'யுபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் உண்டு. அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் மாறும் நேரம் குறைந்து, கணினி அணையாமல் நிற்கும்.

சரி, ஒருநாள் பொத்தானை அழுத்துகிறீர்கள், உயிரே இல்லை. உடனே மதர்போர்டு என்று முடிவு கட்ட வேண்டாம். அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். பிறகு அடாப்டரில் விளக்கு இருந்தால் அது எரிகிறதா பாருங்கள். பிரிண்டர், பென்டிரைவ் என்று செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பழுதான ஒரு யுஎஸ்பி ஒயரே கணினியை எழவிடாமல் செய்யும். அடுத்து மின் ஒயரையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். மறுபடி செருகிப் பாருங்கள். இடி மின்னலுக்குப் பிறகு மயங்கிய கணினிகள் பல இதற்கே எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடாப்டர் மாற்ற வேண்டுமென்றால் பழையதன் அடியில் உள்ள எழுத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள், 90 வாட். புதியதிலும் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. "லேப்டாப் அடாப்டர்தானே சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

விளக்கு எரிகிறது, மின்விசிறி ஓடுகிறது, திரை மட்டும் கருப்பு என்றால் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கணினி நன்றாகவே இருக்கிறது, திரைக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சம்தான் போயிருக்கிறது. முதுகில் எச்டிஎம்ஐ வெளியீடு இருந்தால் டிவியில் மாட்டிப் பாருங்கள். டிவியில் படம் வந்துவிட்டால், வேறு எதையும் செய்யாமல் அப்போதே உங்கள் கோப்புகளை வெளி வட்டுக்கு நகலெடுத்துவிடுங்கள். மற்றது பிறகு.

இப்போது இந்த மேசைக்கு வாருங்கள். இதோ, விசிறிக்கும் இந்தச் செம்புக் குழாய்க்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒன்று அடைத்திருக்கிறதே, பார்த்தீர்களா? இது வெறும் தூசி இல்லை. இந்தக் கணினி பூஜை அறை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. கற்பூரக் கரி, சாம்பிராணிப் புகை, நல்லெண்ணெய் விளக்கின் பிசுபிசுப்பு, எல்லாம் தூசியோடு சேர்ந்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் பிராசஸர் சூடாகும். 100 டிகிரியை நெருங்கும்போது அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் சட்டென்று அணைந்துவிடும். "அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு தானாக ஆஃப் ஆகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்த அறையில் வைத்திருக்கிறீர்கள் என்றுதான்.

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மேலே துணி போட்டு மூடுகிறீர்களே, அணைத்த பிறகு மூடுங்கள். மாதம் ஒருமுறை ஒயரைக் கழற்றிவிட்டுக் காற்றுத் துளைகளை உலர்ந்த பிரஷால் துடைத்தாலே பாதித் தொல்லை தீரும். வருடம் ஒருமுறை உள்ளே சுத்தம் செய்யக் கொடுங்கள். நீங்களே புளோயர் அடிப்பதாக இருந்தால் விசிறியை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். காற்றில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

எல்லா மாடலையும் வீட்டில் திறக்கலாம் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் முதுகில் நான்கு திருகு கழற்றினால் ரேமும் வட்டும் கைக்கு வந்துவிடும். சிலவற்றில் முன்பக்கக் கண்ணாடியைத்தான் கழற்ற வேண்டும். 2012 கடைசிக்குப் பிறகு வந்த ஐமேக்குகளில் கண்ணாடி பசை நாடாவால் ஒட்டியிருக்கும், அவற்றில் பெரும்பாலானவற்றில் பவர் சப்ளையும் உள்ளேயே இருக்கும். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும். அங்கே கை வைக்காதீர்கள்.

இனி அந்த அம்மாவின் கணினிக்கு வந்த வியாதி, வேகக் குறைவு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எதுவும் செய்யாமல் இருக்கும்போதே 'டிஸ்க்' என்ற இடத்தில் 100 சதவீதம் என்று நின்றால், குற்றவாளி பெரும்பாலும் உள்ளே இருக்கும் பழைய சுழலும் வட்டுதான். அதற்கு ஃபார்மேட் மருந்து இல்லை. எஸ்எஸ்டி வாங்கி, பழைய வட்டில் இருப்பதை அப்படியே அதற்கு நகலெடுத்து மாட்டலாம். படம், பாஸ்வேர்டு, பிரிண்டர் எல்லாம் இருந்தபடி இருக்கும். பழைய வட்டை உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடலாம். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மட்டும், ஒரு நிமிடம்கூட ஓடவிடாமல் அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

நம் வளாகத்தில் தறிக்கு டிசைன் போடும் குடும்பங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளையார்பாளையத்தில் தறிமேல் தொங்கும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் செய்த ஏற்பாடு அது. அதைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் அட்டை போட நினைத்தார். ஆகவே கணினிக்கு நாம் ஒருவகையில் மூத்த சொந்தம். ஆனால் அந்தக் காலத்தில் அட்டை கிழிந்தால் கிராஃப் தாளைப் பார்த்து மறுபடி குத்திக்கொள்வார்கள். இன்று கிராஃப் தாளும் இல்லை, பார்டரும் முந்தியும் வட்டில் மட்டும்தான். மூன்று இடத்தில் நகல் வையுங்கள். அதில் ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும்.

கடையில் கொடுக்கும் முன் இன்னும் இரண்டு விஷயம். பழைய கோப்புகளை பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடுக்கு மாறிவிட்டது, நம் கல்யாணப் பத்திரிகைகளும் சங்கக் கணக்குகளும் மாறவில்லை. விண்டோஸ் புதிதாகப் போட்டதும் அவை எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் சேர்த்து நகலெடுங்கள். இரண்டாவது, பிட்லாக்கர். புதிய கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினால் 48 இலக்கச் சாவி கேட்கும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். இன்றைக்கே பார்த்து ஒரு தாளில் எழுதி, பத்திரப் பையில் வையுங்கள். மகன் திறந்து கொடுத்த கணக்கு என்றால் மகனிடம் கேளுங்கள்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். பாட்டு, படம், கடிதம் அடிப்பது இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். வங்கி வேலையை மட்டும் ஆதரவு முடிந்த விண்டோஸில் செய்யாதீர்கள். எடைக்குப் போடுவதாக இருந்தால் வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கணினியைத் தூக்கிக்கொண்டு மாடி இறங்காதீர்கள், திரை விரிசல் விட்டால் அதற்கு வைத்தியமே இல்லை. சொல்லி அனுப்புங்கள், நானே வருகிறேன். ஆனால் நான் வருவதற்குள் ஒரு வெளி வட்டு வாங்கி வைத்திருங்கள். அது இல்லாமல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்க மாட்டேன்.