பேர் வராத ஆட்டக்காரர்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் புட்பால் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். மேடை என்றால் எனக்குக் கை நடுங்கும். புட்பால் என்றதும் நடுக்கம் போய்விட்டது. அதனால் ஒத்துக்கொண்டேன்.

நான் சித்தேரி மலைக்காரன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அரூரில் பஸ் ஏறி மலைமேல் போனால் எங்கள் ஊர். சாமை அறுத்த காடுதான் எங்களுக்கு மைதானம். பழந்துணியைச் சுருட்டி, சணலால் இறுக்கிக் கட்டினால் அதுதான் பந்து. காடு ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். சரிவின் அடியில் நிற்கிற கோல் கீப்பரைத் தாண்டிப் போன பந்து ஓடைவரைக்கும் உருண்டுவிடும். போய் எடுத்துவர வேண்டியவன் அவன்தான். இரண்டு தடவை இறங்கி ஏறியவன் மூன்றாவது தடவை பந்தை விடுவானா? எங்கள் ஊரில் ஒரு நல்ல கீப்பர் உருவான கதை இதுதான். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

1981இல் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். நிஜமான தோல் பந்தைக் காலால் தொட்டது இங்கேதான். ஆட்டம் முடிந்ததும் விளையாட்டு ஆசிரியர் எங்களைப் புளியமரத்தடியில் உட்கார வைத்து பீட்டர் தங்கராஜ் கதை சொல்வார். ஹைதராபாத்தில் பிறந்தவர், நம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சிப்பாயாகச் சேர்ந்தார். முதலில் முன்வரிசையில் ஆடியவர், பிறகு கோல் கீப்பர் ஆனார். அந்த சென்டர் 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வாங்கியது. மெல்போர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்தவர் அவர். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினோமே, அன்றைக்குக் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவரும் அவர்தான். அந்த ஆட்டத்தில் கோல் போட்டவர்கள் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் என்று புத்தகத்தில் இருக்கும். வந்த பந்தைத் தடுத்தவரின் பேரைக் கேட்டால் பலபேர் தலையைச் சொறிவார்கள்.

வேலையில் சேர்ந்து சில வருஷம் கழித்து, 1994இல் எனக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. பாஷை தெரியாது, சாப்பாடு பிடிக்காது. பொழுது போக மைதானத்துப் பக்கம் போனேன். ஈஸ்ட் பெங்கால் கிளப் ஆட்டம். 1920இல் தொடங்கிய கிளப், சிவப்பும் பொன்னிறமும் கலந்த உடுப்பு. அந்த ஊரில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன் சமைப்பார்கள், மோகன் பகான் ஜெயித்தால் இறால். வெளியே டீ குடிக்கும்போது நான் மெட்ராஸ் பக்கம் என்று தெரிந்ததும், கடைக்காரப் பெரியவர், "ஓ, பஞ்ச பாண்டவர் தேசமா!" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காசு வாங்க மாட்டேன் என்று சொல்லி அவர்தான் விளக்கினார்.

1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்கால் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேர்: வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேருமே தென்னாட்டுக்காரர்கள். 1949, 50, 51 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐ.எப்.ஏ. ஷீல்டு வாங்கிக் கொடுத்தார்கள். அதனால்தான் வங்காளிகள் பஞ்ச பாண்டவர் என்று பேர் வைத்தார்கள். அகமது கானை இப்போதும் சிலர் சொல்வார்கள். மற்ற நாலு பேரை அங்கே டீக்கடையில் தெரிகிறது, இங்கே நமக்குத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஏழ்மை. பயிற்சிக்கு வரச் சைக்கிள் இல்லை என்றபோது வாடகைச் சைக்கிளுக்குக் காசு கொடுத்தவர் பயிற்சியாளர் ரஹீம். அந்தப் பையன் 1961இல் ஈஸ்ட் பெங்காலுக்குக் கேப்டன் ஆனார். அந்த வருஷம் கல்கத்தா லீக்கை அவர் தலைமையில்தான் வாங்கினார்கள். சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் - மூவரையும் மும்மூர்த்திகள் என்பார்கள். முதல் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ வந்தது. பலராமுக்கு 1962இல் அர்ஜுனா விருதோடு சரி. உடம்பு சரியில்லாமல் முப்பது வயதுக்கு முன்னாலேயே ஆட்டத்தை விட்டார். 2023 பிப்ரவரியில் காலமானார்.

பீட்டர் தங்கராஜும் 1960களின் பின்பகுதியில் இதே கிளப்புக்கு ஆடியவர்தான். 2008இல் மறைந்தார். நம் தமிழ்நாட்டு ராமன் விஜயனும் இங்கே ஆடினார். விஜயன் என்றாலே எல்லாரும் ஐ.எம். விஜயனைத்தான் நினைப்பார்கள். ஆனால் 1997-98 தேசிய லீக்கில் எப்.சி. கொச்சினுக்காக 10 கோல் போட்டு முதலிடம் பிடித்தவர் இந்த ராமன் விஜயன். 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் ஜெயித்ததே, அந்த அணியில் தஞ்சாவூர் குலோத்துங்கன் இருந்தார். நாடே பாய்ச்சுங் பூட்டியாவைக் கொண்டாடியது, தப்பில்லை. குலோத்துங்கன் 2018இல் தஞ்சாவூரில் சாலை விபத்தில் போனார். நாற்பது வயதுதான். அன்றைக்குத்தான் பலபேருக்கு அவர் நம் ஊர்க்காரர் என்றே தெரிந்தது.

இன்னொரு தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ். அவர் ஈஸ்ட் பெங்கால் இல்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக நாம் போட்டது ஒரே கோல். அதற்கப்புறம் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் வாசலை மிதிக்கவே இல்லை. அந்தக் கடைசிக் கோலை அடித்தவர் சைமன் என்று நம் பக்கம் சொல்கிறோம். சில பதிவேடுகளில் பலராம் அடித்ததாக இருக்கிறது. ரெண்டு பேருமே நம்மவர்கள், சண்டை வேண்டாம். ஆனால் பாருங்கள், ஒலிம்பிக் கோலுக்கே கணக்கு இப்படி என்றால், அரூர் பக்கம் ஆடினவனை யார் எழுதி வைப்பார்கள்?

இப்போது என் பாவக்கணக்குக்கு வருகிறேன். 1983இல் கல்லூரிகளுக்கிடையிலான இறுதி ஆட்டத்தில் நாம் 1-0 என்று ஜெயித்தோம். கோல் போட்டவன் நான். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எதிரணிக்கு ஒரு பெனால்டி. எங்கள் சித்தேரிக் கீப்பர் இடது பக்கம் பாய்ந்து தடுத்தார். ஓடைக்கு இறங்கி ஏறின கால் அது! அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் கோப்பையும் இல்லை, என் கோலுக்கு மதிப்பும் இல்லை.

அந்த வருஷக் கல்லூரி மலரில் விளையாட்டு அறிக்கை வந்தது. என் கோலைப் பற்றி அரைப்பக்கம். பெனால்டியைப் பற்றி ஒரு வரி இல்லை, கீப்பர் பேரும் இல்லை. குழுப்படம் எடுத்த அன்று அவர் அறுவடைக்கு மலைக்குப் போயிருந்தார். அதனால் படத்திலும் இல்லை. அந்த அறிக்கையை எழுதியது யார் தெரியுமா? நான்தான். பத்தொன்பது வயசுத் திமிர் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் நாற்பது வருஷமாகத் திருத்தாமல் இருந்ததற்கு வயசைக் காரணம் சொல்ல முடியாது.

அவர் ஒரு நாள்கூட இதைக் கேட்டதில்லை. படிப்பை முடிக்காமல் ஊருக்குத் திரும்பினார். சாமை விதைத்தார். சாயங்காலம் பிள்ளைகளைச் சேர்த்துப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கும் கொடுக்கிறார். போன மாதம் போனபோது பார்த்தேன். இருபது பிள்ளைகள், ஒரே பந்து, பாதிப்பேர் வெறுங்காலோடு.

சங்கத்துக்கு இரண்டு விண்ணப்பம். ஒன்று, இந்த மலரிலாவது 1983 அணியின் பதினொரு பேரையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். என் பேர் கடைசியில் வரட்டும். இரண்டு, சித்தேரிப் பிள்ளைகளுக்குப் பந்தும் பூட்ஸும் வாங்கித் தாருங்கள். முதல் தொகையை நான் இங்கேயே கட்டிவிடுகிறேன்.

அவரை வற்புறுத்தித்தான் இன்றைக்கு மலையிலிருந்து அழைத்து வந்திருக்கிறேன். அதோ, கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பேரை நான் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாதவன் நான்.

வா பங்காளி, மேடைக்கு வா. இந்த மைக்கில் உன் பேரை நீயே சொல்லு. எல்லாரும் கேட்கட்டும்.