கௌபாய் படமும் துறை மரபும்



மரபு கவிஞனுக்கு விலங்கா, வேலியா என்பது இலக்கிய வட்டங்களில் ஓயாத வழக்கு. அவ்வழக்கிற்குத் திரையுலகிலிருந்து ஒரு சாட்சியை அழைக்கலாம்: அமெரிக்கக் கௌபாய் படம். பொழுதுபோக்கு என்று அறிஞர் பலர் ஒதுக்கிய வகைமைதான். ஆயினும் ஒரு வகைமை பிறந்து, இறுகி, தன்னையே ஐயுற்று, உருமாறிய வரலாற்றை இதனினும் தெளிவாகக் காட்டும் திரைப்பட வகை அரிது.

மேற்கில் குடியேற்ற எல்லை என ஒன்று இனி இல்லை என்பது 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் முடிவு. எட்வின் போர்ட்டரின் 'தி கிரேட் ட்ரெயின் ராபரி' வந்தது 1903-இல். ஏறத்தாழ 12 நிமிடப் படம். அதன் பெரும்பகுதி எடுக்கப்பட்டதும் மேற்கில் அன்று, கிழக்கே நியூ ஜெர்சியில். ஆகப் பிறப்பிலேயே இது கண்டதைப் பதிந்த கலை அன்று. மறைந்து கொண்டிருந்ததைப் புனைந்த கலை. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம் என்ற தொல்காப்பிய நெறியை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை.

அவ்வகைமைக்கும் முதல், கரு, உரி உண்டு. நிலம் வெட்டவெளி. குதிரை, மாட்டு மந்தை, துப்பாக்கி, மதுக்கடை ஆகியவை கருப்பொருள்கள். சட்டம் எட்டாத ஊரில் தனியொருவன் நீதி செய்துவிட்டு, அவ்வூரில் தங்க இயலாமற் போவது உரிப்பொருள். ஆநிரை கவர்தலும் மீட்டலும் இங்கும் உண்டென்று வெட்சி, கரந்தையோடு ஒப்பிடத் தோன்றும். ஒப்புமை பாதிவழி வரைதான். ஆநிரை மீட்டு மடிந்த கரந்தை மறவன் நடுகல்லாகி ஊரோடு நிற்கிறான். கௌபாய் ஊரைவிட்டுப் போகிறான்.

இப்பிரிவு ஒரு மரபாக நிலைத்தபின்பே அதைக் கொண்டு புதிது சொல்ல முடிந்தது. ஃப்ரெட் ஜின்னமனின் 'ஹை நூன்' (1952) காட்டும் காவல் அதிகாரி ஊராரிடம் துணை கேட்கிறான், தேவாலயத்திலும் கேட்கிறான், எவரும் வரவில்லை. பகைவரை வென்றபின் பதவிச் சின்னத்தைப் புழுதியில் எறிந்துவிட்டு மனைவியோடு வெளியேறுகிறான். அதே பிரிவு, பொருள் தலைகீழ். தகுதியற்றது ஊர். கதையெழுதிய கார்ல் ஃபோர்மன் அக்காலத்தில்தான் கம்யூனிஸ்ட் என்ற ஐயத்தின் பேரில் நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். அப்படத்தை வெறுத்த ஹோவர்ட் ஹாக்ஸ் விடையாக எடுத்ததும் கட்டுரை அன்று, 'ரியோ பிராவோ' (1959) என்னும் இன்னொரு கௌபாய் படம். ஒரே துறையில் இரு புலவர் எதிரெதிர் பாடியது போன்றது இது.

இவ்வகைமையின் உச்சம் ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956). கதை நிகழ்வது டெக்சாஸில். படத்தில் தெரிவதோ யூட்டா, அரிசோனா எல்லையிலுள்ள மானுமென்ட் பள்ளத்தாக்கு. மருதப் பாட்டில் எவ்வூர் வயல் என்று எவரும் கேட்பதில்லை அல்லவா? ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' (1939) படத்தில் இளம் நாயகனாக நின்ற ஜான் வெயினே இங்கும் நாயகன். கோமான்ச்சிகள் கவர்ந்து சென்ற அண்ணன் மகளை ஆண்டுக்கணக்கில் தேடுகிறான். மீட்பதற்காக அன்று; அவர்களுள் ஒருத்தியாகிவிட்டாளே என்று கொல்வதற்காக. முடிவில் அவளைக் கையில் ஏந்தி வீடு சேர்க்கிறான். எல்லாரும் உள்ளே செல்ல, அவன் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்க, கதவு மூடுகிறது. நாயகன் ஊரில் தங்குவதில்லை என்ற பழைய விதியே ஓர் இனவெறியனுக்குத் தீர்ப்பாகிறது. ஆனால் அப்படத்தில் கோமான்ச்சித் தலைவனாக வருபவர் பெர்லினில் பிறந்த ஹென்றி பிராண்டன். அம்மக்களைத் தம் குரலில் பேசவிட ஃபோர்டுக்கும் இயலவில்லை. மரபு கண்ணைத் திறந்த இடத்திலேயே மறைத்ததும் உண்டு.

பின்னர் இத்தாலியரான செர்ஜியோ லியோனி, குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961) கதையை இசைவு பெறாமலே எடுத்து 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) ஆக்கினார், வழக்கும் வந்தது. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரக் கருத்து. ஃபோர்டின் மேய்ச்சல் நிலம் லியோனியிடம் ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவின் வறண்ட மண்ணாயிற்று. நீதிக்காகச் சுட்டவன் கூலிக்காகச் சுடலானான். தமிழிலும் கர்ணனின் 'கங்கா' (1972) குதிரையையும் தொப்பியையும் கொணர்ந்தது; சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) அவற்றை எள்ளி நகையாடியது.

லியோனியின் நாயகனாக நடித்த கிளின்ட் ஈஸ்ட்வுட் தாமே இயக்கியது 'அன்ஃபர்கிவன்' (1992). முதுமையெய்திய கொலைஞன் பன்றி வளர்க்கிறான். குதிரையேற முயன்று விழுகிறான். மரபறியாதார்க்கு அது ஒரு கிழவனின் தடுமாற்றம். அறிந்தார்க்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுக் கலை தரையில் விழும் ஓசை. பல கொலை செய்ததாகப் பெருமை பேசிவந்த இளைஞன் ஒருவனும் அதில் உண்டு. உண்மையில் முதன்முறையாக அவன் ஒருவனைச் சுடுகிறான். அவனும் நேருக்கு நேர் நின்ற பகைவன் அல்லன், கழிப்பறையில் அமர்ந்திருந்தவன். அன்று மாலை மரத்தடியில் மதுப்புட்டியைப் பிடித்தபடி, இறந்தவன் இனி மூச்சுவிடவே மாட்டானா என்று நினைந்து அழுகிறான்.